பாண்ட் பட இசையை நேரில் கேட்டவர்கள், வாசித்தவர்கள் யாராவது உண்டா?

பால்கனி டிக்கெட்

ஜேம்ஸ் பாண்ட் படமே பார்க்காதவர்கூட அந்தத் தீம் மியூசிக்கை வாயால் வாசித்துக் காட்டிவிடுவார். நான் கேட்பது அதை அல்ல. படம் முழுக்க அடியில் ஓடுகிற பின்னணி இசையை ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்க நேரில் கேட்டவர்கள், அல்லது அதில் உட்கார்ந்து வாசித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017 செப்டம்பர் கடைசியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 'கேசினோ ராயல்' படத்தைப் பெரிய திரையில் ஓட்டி, இசையை மட்டும் மேடையில் வாசித்தார்கள். வசனமும் துப்பாக்கிச் சத்தமும் படத்திலிருந்து, இசை எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து. எனக்குக் கிடைத்தது மேலே ஓர் ஓரத்து இருக்கை. திரை கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. ஆனால் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டருக்கு முன்னால் இருந்த சின்னத் திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதிலும் படம்தான் ஓடும். கூடவே ஒரு வண்ணக் கோடு இடமிருந்து வலமாக நகரும், நடுநடுவே வெள்ளைப் பொட்டு மின்னும். கோடு ஓரத்தைத் தொடும்போது அடுத்த பகுதியின் முதல் தட்டு விழவேண்டும். நம் ஊரில் ரீ-ரெக்கார்டிங் என்று சொல்கிறோமே, அதையே டேக் இரண்டு கேட்க வழியில்லாமல், ஐயாயிரம் பேர் முன்னால் செய்வது மாதிரி.

மடகாஸ்கர் துரத்தல் காட்சியில் தாள வாத்தியக்காரர்கள் ஓடி ஓடி வாசித்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மாடிப்படிச் சண்டை முடிந்து, கதாநாயகி வெஸ்பர் உடையோடு ஷவரில் நனைந்து உட்கார்ந்திருக்கும் காட்சி. அத்தனை வாத்தியங்களும் ஓய்ந்து, பியானோவும் சில தந்திகளும் மட்டும். பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்னை மடியில் வைத்துவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. வீட்டில் நான்கைந்து முறை பார்த்த காட்சி. அதில் இசை இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் படத்தில் இசையமைப்பாளர் டேவிட் அர்னால்ட் இன்னொரு வேலை செய்திருக்கிறார். கதையில் நாயகன் இன்னும் முழு பாண்ட் ஆகவில்லை என்பதால் அந்தப் பழைய தீம் மியூசிக்கை முழுசாகத் தரவே மாட்டார். பாடகர் கிறிஸ் கார்னெலோடு சேர்ந்து எழுதிய டைட்டில் பாட்டின் துண்டுகள்தான் வரும். கோமோ ஏரிக்கரையில் கடைசி வசனம் சொல்லி முடித்த பிறகுதான் கிடார் இறங்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பசியோடு உட்கார வைத்துவிட்டுச் சோறு போடுவது மாதிரி. அரங்கம் கத்திய கத்தலில் முதல் நான்கு தாளத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரே குறை: வெடிச் சத்தம் வரும் இடங்களில் ஒலிபெருக்கி ஜெயித்தது, வயலின்கள் தோற்றன. வில் போவது தெரியும், காதில் ஒன்றும் விழாது.

இரண்டாம் வயலின்

வாசித்தவள் கட்சியில் நான் ஒருத்தி. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா. பல் டாக்டர், தபால்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்று கலவையான கூட்டம். இரண்டாம் வயலின் கடைசி வரிசையில் நான். ஒரு கோடைக் கச்சேரிக்கு பாண்ட் மெட்லி (பல பாட்டுகளைக் கோத்த தொகுப்பு) எடுத்தோம்.

நோட்ஸ் தாளைப் பிரித்ததும் வந்த ஆசை அரை நிமிடம்கூட நிற்கவில்லை. எனக்கு வந்தது கிடார் மெட்டும் இல்லை, டிரம்பெட்டின் கத்தலும் இல்லை. அடியில் ஊர்ந்து ஏறி இறங்குமே, அந்த நாலு சுரம்: ப, சின்ன த, பெரிய த, மறுபடி சின்ன த. அவ்வளவுதான். பக்கம் முழுக்க அதுவேதான். வீட்டில் பயிற்சி செய்தபோது என் மகன் கேட்டான்: "அம்மா, பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?"

ஆனால் ரிகர்சலில் ஒன்று புரிந்தது. கண்டக்டர் (டிக்கெட் கொடுப்பவர் அல்ல) எங்களை நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் வாசிக்கச் சொன்னார். மெட்டு இருந்தது, ஆள் வந்தான், ஆனால் ஆபத்து வரவில்லை. ஏதோ கல்யாண வீட்டு பேண்ட் மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் ப-த-த-த சேர்த்ததும் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் அலுத்துக்கொள்ளவில்லை. சரி, கொஞ்சம் அலுத்துக்கொண்டேன்.

பாவம் டிரம்பெட் காரர்கள். பாண்ட் படங்களுக்கு இசையமைத்த ஜான் பேரி சின்ன வயதில் தானே டிரம்பெட் வாசித்தவர். அதனால்தானோ என்னவோ, இரக்கமே இல்லாமல் மேலே மேலே எழுதியிருக்கிறார். எங்கள் முதல் டிரம்பெட் ரிகர்சலில் பாதி இடங்களை ஒரு ஸ்தாயி கீழே வாசிப்பார். "உதட்டைக் கச்சேரிக்குச் சேர்த்து வைக்கிறேன்" என்பார். கச்சேரியில் 'கோல்ட்ஃபிங்கர்' முடியும்போது மனிதர் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

கிடார்காரர் கதை தனி. பிராஸ் (டிரம்பெட் மாதிரி உலோக ஊதுகருவிகள்) நடுவில் அவர் சத்தம் எடுபடவே இல்லை. 1962இல் 'டாக்டர் நோ' ஒலிப்பதிவில் கிடார் வாசித்த விக் ஃபிளிக் என்ன செய்தார் என்று தேடிப் படித்துக்கொண்டு வந்தார். ஃபிளிக்கிடம் இருந்தது 1939ஆம் ஆண்டு கிளிஃபர்ட் எசெக்ஸ் கிடார். பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் துண்டு) தந்திக்கு நெருக்கமாகத் தூக்க, அடியில் ஒரு சிகரெட் பெட்டியை நசுக்கிச் செருகினாராம். எங்கள் ஆள் சிகரெட் பிடிப்பதில்லை. பல் டாக்டரின் விசிட்டிங் கார்டை நான்காக மடித்துச் செருகினார். சத்தம் வந்தது!

கீரவாணி

அக்கா, உங்கள் ப-த-த-த தான் எனக்குப் பல வருஷப் பிரச்சினை. நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுப்பவன். ஒரு மாணவன் வயலினில் இந்தத் தீம் மியூசிக்கை வாசித்துவிட்டு, "சார், இது என்ன ராகம்?" என்றான். விளையாட்டுக்குக் கேட்டான், நான்தான் மாட்டிக்கொண்டேன்.

மெட்டைச் சுரப்படுத்திப் பாருங்கள். ச ரி ரி ரி ரி ச ச ச, ச க க க க ரி ரி ரி. சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம். அப்புறம் மேலே காகலி நிஷாதத்தை (பெரிய நி) தொட்டு உடனே கைசிகி நிஷாதத்துக்கு (சின்ன நி) சறுக்கி, ப ம ப என்று நிற்கிறது. அடியில் இரண்டு தைவதமும் மாறி மாறி வருகின்றன. சின்ன தைவதம் வரும்போது கீரவாணி, பெரிய தைவதம் வரும்போது கௌரிமனோகரி. ஒரு தாளத்துக்குள் 21ஆம் மேளத்திலிருந்து (தாய் ராக வரிசை எண்) 23க்குப் போய்த் திரும்பி வருகிறது. கடைசியில் கிடார் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) மீட்டிவிட்டுத் தொங்கவிடுமே, அதைப் பிரித்தால் ச க ப, மேலே காகலி நி, அதற்கும் மேலே ரி. நிஷாதம் ஷட்ஜத்தில் போய்ச் சேரவே சேராது. நம் காதுக்கு அது பாட்டை முடிக்காமல் எழுந்து போன மாதிரி.

இதை ராகம் என்று சொல்ல நான் வரவில்லை. கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) இல்லாமல், இரண்டு நிஷாதத்தையும் அடுத்தடுத்து உரசி வைத்தால் எந்த வித்வானும் அடிக்க வருவார். ஆனால் இந்திய வாசனை எனக்கு மட்டும் அடித்ததல்ல. அந்தத் தீம் மியூசிக்கை இயற்றியவர் மான்டி நார்மன். அதற்கு முன்பு வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்கும் முயற்சியில் அவர் இருந்தார். டிரினிடாடில் குடியேறிய இந்தியர்களின் கதை. நாடகம் மேடை ஏறவில்லை. அதற்காகப் போட்ட ஒரு பாட்டை எடுத்து, சுரங்களைத் துண்டு துண்டாக வெட்டி, கிடாருக்கு மாற்றினார். அதுதான் பாண்ட் தீம். மூலப் பாட்டு எதைப் பற்றித் தெரியுமா? பிறக்கும்போதே அபசகுனத் தும்மலோடு பிறந்தவனின் புலம்பல்! நம் பாட்டிகள் தும்மல் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார வைப்பார்களே, அந்தத் தும்மல்தான் உலகத்தின் மிகத் துணிச்சலான உளவாளிக்கு இசையாகியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்ன அன்று யாரும் வர்ணம் பாடவில்லை.

மெட்டு நார்மனுடையது, அதற்கு ஆர்கெஸ்ட்ரா உடை தைத்தது ஜான் பேரி. யாருடையது என்ற சண்டை பல காலம் ஓடி, 2001இல் லண்டன் நீதிமன்றத்தில் நார்மன் ஒரு பத்திரிகை மீது போட்ட அவதூறு வழக்கில் ஜெயித்து 30,000 பவுண்டு வாங்கினார். தீர்ப்பு சரிதான். ஆனாலும் பேரியின் பிராஸ் இல்லாமல் அதை யார் நினைவு வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.

பழைய கேசட்

நேரில் கேட்டதில்லை. தேடி அலைந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

'தண்டர்பால்' படத்தில் கடலுக்கடியில் பெரிய சண்டை நடக்கும். அந்த இசைக்காகவே பழைய எல்பி தட்டு ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். முதல் பக்கம் கேட்டேன், திருப்பிப் போட்டேன், சண்டை வரவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று போய்ச் சத்தம் போட்டேன். அவர் மீது தப்பே இல்லை. 1965இல் படத்துக்கான இசைப்பதிவு முடிவதற்குள் தட்டை அச்சுக்கு அனுப்பவேண்டிய அவசரம். அதனால் பிற்பாதி இசை பெரும்பாலும் அதில் ஏறவில்லை. பல வருஷம் கழித்து வந்த மறுபதிப்பு சிடியில்தான் எனக்கு அது கிடைத்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அங்கே மொபைல் ரிப்பேர் கடை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. முதலில் டைட்டிலுக்கு வேறு பாட்டு. பேரி அந்த மெட்டைப் படம் முழுக்கப் பின்னணியில் இழைத்துவிட்டார். கடைசி நேரத்தில், படத்தின் பெயர் பாட்டில் வரவேண்டும் என்று அதைத் தூக்கிவிட்டு, டாம் ஜோன்ஸ் பாடிய பாட்டைப் போட்டார்கள். இப்போது படம் பார்த்தால், பாடப்படாத ஒரு பாட்டு விடாமல் வந்துகொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் சின்ன வயதில் அதைக் கண்டபடி முணுமுணுத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் பேரியை மன்னிக்கமாட்டேன். 'தி மேன் வித் த கோல்டன் கன்' படத்தில் உடைந்த பாலத்திலிருந்து கார் ஒரு சுற்று சுழன்று அக்கரையில் இறங்கும். உயிரைப் பணயம் வைத்து நிஜமாகவே ஓட்டிய சாகசம். அதன் மேல் சர்க்கஸ் கோமாளி ஊதல் ஒன்றைப் போட்டிருக்கிறார். பின்னாளில் அவரே வருத்தப்பட்டார். வருத்தப்படட்டும்.

மகுடி

சின்னப் பதிவுதான். என் தாத்தா ஆங்கிலப் படமே பார்க்கமாட்டார். 'ஆக்டோபஸி'க்கு மட்டும் எங்களை அழைத்துக்கொண்டு போனார். காரணம் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். "நம்ம மெட்ராஸ் பையன் நடிச்சிருக்கான்டா."

உதயப்பூரில் பாண்ட் படகிலிருந்து இறங்கி நடந்து வருவார். ஓரமாக ஒரு பாம்பாட்டி மகுடி ஊதிக்கொண்டிருப்பார். ஊதுவது பாண்ட் தீம்! அதுதான் பாண்டுக்கான அடையாளக் குறிப்பு, அந்தப் பாம்பாட்டிதான் அமிர்தராஜ். தியேட்டரில் விசில் பறந்தது. அதுவரை வெளியே இருந்து ஒலித்த இசையைக் கதைக்குள்ளேயே ஒருவன் ஊத, பாண்டும் காது கொடுத்துக் கேட்கிறார். அவருக்கு அந்தப் பாட்டு எப்படித் தெரியும் என்று நான் தாத்தாவை நச்சரித்தேன். "அவன் போற இடத்துக்கெல்லாம் அதைத்தானே போடறாங்க, தெரியாம இருக்குமா?" என்றார். இதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்புறம் ஆட்டோ துரத்தலில் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் அடிப்பார், கூட்டம் விம்பிள்டன் மாதிரி இடமும் வலமும் தலை திருப்பும். தாத்தா சிரித்ததில் பல் செட் கழன்று விழுந்துவிட்டது.

பால்கனி டிக்கெட்

மகுடி, உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம்.

திரைக்குள் இசை வருவது என்றால் இன்னொன்று இருக்கிறது. 1987இல் வந்த 'தி லிவிங் டேலைட்ஸ்' படத்தில் கதாநாயகி செல்லோ வாசிப்பவள். முடிவில் ஒரு கச்சேரி வரும், அவள் வாசிப்பது சாய்க்கோவ்ஸ்கி. ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் முகத்தை நிறுத்திப் பாருங்கள். ஜான் பேரியேதான். பாண்டுக்கு அவர் இசையமைத்த கடைசிப் படம் அது. நான் ஆல்பர்ட் ஹாலில் இருந்து வந்த அன்று இரவே அதைப் போட்டு அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தேன். மனிதர் அலட்டிக்கொள்ளவே இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்று கையசைக்கிறார்.

இரண்டாம் வயலின் அக்கா, உங்கள் அடுத்த கச்சேரி எப்போது? ரயில் பிடித்து வருகிறேன்.

இரண்டாம் வயலின்

டிசம்பரில். ஆனால் பாண்ட் இல்லை தம்பி, வியன்னா வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன இசை). இரண்டாம் வயலினுக்கு ப-த-த-த கூடக் கிடையாது. முதல் தட்டு மற்றவர்களுக்கு, மீதி இரண்டு எங்களுக்கு. மகன் இப்போதே காதில் பஞ்சு வைத்துக்கொண்டுவிட்டான்.