கார்போகரிசி எண்ணெயை வீட்டில் காய்ச்சிப் பூசலாமா?

பாலக்கோடு விவசாயி:
என் தம்பி மகளுக்கு எட்டு வயது. முழங்காலிலும் கணுக்காலிலும் வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி, இடித்து, நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசிக் காலை வெயிலில் உட்கார வைத்தால் நிறம் திரும்பிவிடும் என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்கிறார். தம்பி மனைவிக்குப் பயம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் வேலு:
தாராளமாகச் செய்யலாம் அண்ணா. என் மாமனாருக்கு முழங்கையில் இருந்த திட்டு இந்த எண்ணெயில்தான் சரியானது. கருப்பு நிறம் புள்ளி புள்ளியாக வந்து பிறகு ஒன்று சேர்ந்தது, கண்ணால் பார்த்தவன் நான். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் காலங்காலமாக இருக்கிற மருந்து. இப்போது அழகு கிரீம்களில் பகுச்சியோல் என்று போட்டு விற்கிறார்களே, அதுவும் இந்த விதையிலிருந்து எடுப்பதுதான். கம்பெனிக்காரன் டப்பாவில் அடைத்தால் நல்லது, நம் பாட்டி காய்ச்சினால் கெட்டதா?

காவேரிப்பட்டணம் செவிலியர்:
வேலு அண்ணா, உங்கள் மாமனாருக்குச் சரியானதை நான் நம்புகிறேன். இந்த விதை வேலை செய்யும். வேலை செய்வதால்தான் எனக்குப் பயம்.

இதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோல் செல்லுக்குள் போய்க் காத்திருக்கும். வெயிலில் உள்ள யூவி-ஏ என்ற புற ஊதாக் கதிர் பட்டவுடன் செல்லின் டிஎன்ஏ-வைப் பற்றிக்கொள்ளும். நிறம் தூண்டப்படுவதும் இந்த வழியில்தான், தோல் வெந்து கொப்புளிப்பதும் இதே வழியில்தான். எது நடக்கும் என்பதை மருந்தின் அளவும் வெயிலின் அளவும்தான் முடிவு செய்கின்றன. வீட்டில் இரண்டையுமே அளக்க முடியாது. ஒரு கடை விதையில் இருக்கும் சோராலென் இன்னொரு கடை விதையில் அதே அளவு இருக்காது.

பகுச்சியோல் வேறு பொருள், அண்ணா. 1966-இல் இந்த விதையிலிருந்தே பிரித்தெடுத்தார்கள், ஆனால் சோராலென் மாதிரி வெயிலோடு சேர்ந்து சுடாது. ஒழுங்காகச் செய்த கிரீமில் சோராலெனை நீக்கிவிடுவார்கள். நாம் காய்ச்சும் எண்ணெயில் எல்லாமே இறங்கியிருக்கும்.

பென்னாகரம் வேலு:
அளவு அளவு என்கிறீர்கள். நம் முன்னோர் மீட்டர் வைத்தா அளந்தார்கள்? கொஞ்சம் பூசு, கொஞ்ச நேரம் உட்கார், எரிந்தால் எழுந்து வா, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் தருகிற ஸ்டீராய்டு கிரீம் மட்டும் சும்மாவா? பூசப் பூசத் தோல் மெலிந்துபோகிறது. ஒளி சிகிச்சை என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரச் சொல்வார்கள். எங்கள் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து தர்மபுரிக்குப் பஸ் பிடித்துப் போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. இதை யாராவது யோசிக்கிறீர்களா?

காவேரிப்பட்டணம் செவிலியர்:
கூலி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. இந்தச் சிகிச்சை ஊருக்கு அருகில் கிடைக்காதது பெரிய குறைதான். ஸ்டீராய்டு கிரீமையும் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் பூசக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "எரிந்தால் எழுந்து வா" என்பது இங்கே உதவாது. சாதாரண வெயில் சூடு அன்றே தெரிந்துவிடும். சோராலென் சூடு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று மறுநாளும் பூசுவார்கள், அதற்கு அடுத்த நாளும். கொப்புளம் கிளம்பும்போது மூன்று நாள் மருந்து உள்ளே இருக்கும். உள்ளங்கையில் தடவிச் சோதிப்பதும் இதனால்தான் பயன்படாது.

அப்புறம், நம் மாவட்டங்களில் யார் கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்துவிட்டு நிழலுக்குப் போகிறார்கள்? எண்ணெய் பூசிய கையோடு தக்காளி பறிக்கவும் மாந்தோப்புக்கும் போய்விடுகிறார்கள். சிலர் எலுமிச்சைச் சாற்றையும் கலக்கிறார்கள். எலுமிச்சைக்கும் வெயிலில் தோலைச் சுடும் குணம் உண்டு.

வெண்புள்ளிக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்து. காயமோ சூடோ பட்ட இடத்தில் புதிய திட்டு வரக்கூடும். போக்கப் பூசிய மருந்தே திட்டைப் பெரிதாக்கலாம்.

அரூர் சித்த மருத்துவர்:
சித்த மருத்துவம் படித்தவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன். செவிலியர் அக்கா சொல்வது சரி. கார்போகரிசியை நாங்கள் பயன்படுத்துகிறோம், மதிக்கிறோம். ஆனால் சுத்தி செய்யாமல், அதாவது நச்சு நீக்கிப் பக்குவப்படுத்தாமல், நாடி பார்க்காமல், அளவு சொல்லாமல் கொடுக்க எந்த ஆசானும் கற்றுத் தரவில்லை. சுத்தி செய்தாலும் வெயிலோடு சேரும் குணம் போய்விடாது, அதுதானே மருந்து. பொடியாக உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. எட்டு வயதுக் குழந்தைக்கு வீட்டில் பூசச் சொல்லி நான் ஒருபோதும் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

முதலில் அது வெண்புள்ளிதானா என்று பார்த்தீர்களா? தேமலும் வெளுத்துத்தான் தெரியும், அதற்குப் பூஞ்சை மருந்து போதும். திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே மருந்து தருகிறார்கள், முழுசாகக் குணமாகும். வெண்புள்ளி என்றால் அது யாருக்கும் ஒட்டாது, குழந்தையைத் தனியாக உட்கார வைக்காதீர்கள்.

பென்னாகரம் வேலு:
டாக்டரம்மா, நீங்களே மருந்தை மறுத்தால் அது அழிந்துபோகாதா?

அரூர் சித்த மருத்துவர்:
கண்டபடி பூசி நாலு பேருக்கு வெந்தால்தான் அதன் பெயர் கெடும், அண்ணா. 1948-இல் எகிப்தில் எல் மொஃப்தி என்ற மருத்துவர் அவர்கள் ஊர்ச் செடி ஒன்றிலிருந்து பிரித்த இதே இனத்துப் பொருளை, அளவு குறித்து, நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதிலிருந்துதான் சோராலெனையும் யூவி-ஏ ஒளியையும் அளந்து சேர்த்துக் கொடுக்கும் பூவா சிகிச்சை வளர்ந்தது. அதையுமே குழந்தைகளுக்குத் தவிர்க்கிறார்கள். இப்போது சோராலென் இல்லாமலேயே 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைப் பட வைக்கும் முறை வந்துவிட்டது.

பாலக்கோடு விவசாயி:
இன்னொன்று சொல்ல வேண்டும். இப்போதுதான் தெரிந்தது, நேற்றுக் காலையே பாட்டி காய்ச்சிப் பூசிவிட்டார்களாம். பிள்ளை அப்படியே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். முழங்கால் கொஞ்சம் சிவந்திருக்கிறது.

காவேரிப்பட்டணம் செவிலியர்:
பதறாதீர்கள். இப்போதே சோப்பும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். பூசிய இடம் சில நாள் வெயிலைத் தாங்காது. பாவாடை வேண்டாம், கணுக்கால் வரை மூடும் பேண்ட் போட்டுவிடுங்கள், பள்ளியில் ஆசிரியரிடம் சொல்லி மைதானத்துக்கு அனுப்பாமல் பாருங்கள். யூவி-ஏ கண்ணாடியையும் கடந்து வரும், அதனால் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டும் வேண்டாம். சிவப்பு நாளையும் மறுநாளும் கூடலாம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், மஞ்சளோ பற்பசையோ வைக்காதீர்கள், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். வராவிட்டாலும் இந்த வாரமே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டுங்கள். மீதி விதையையும் எடுத்துப் போங்கள், என்ன பூசினீர்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

பென்னாகரம் வேலு:
அண்ணா, முதலில் பிள்ளை காலைக் கழுவுங்கள். தர்மபுரியில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.