வேலூரில் கோழி, மாடு வளர்க்கிறவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:
எங்கள் பகுதி 2011-ல்தான் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்பிருந்தே அம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறார். அப்போது சுற்றிலும் காலிமனை. கோழிகள் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் கொடாப்புக்கு வந்துவிடும். இப்போது நாலு பக்கமும் மாடிவீடு. சேவல் விடியும் முன்பே கூவுகிறது, மழை பெய்தால் நாற்றம் தாங்கவில்லை என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள்.

சுகாதார ஆய்வாளர் வந்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பொறுமையாகத்தான் பேசினார்: "நகரத்துல விலங்கு, பறவை வளர்க்கிறதுக்கு 1997-லயே சட்டம் இருக்கும்மா. லைசென்ஸுக்கு எழுதிக் கொடுங்க. தெருவுல விடாதீங்க, எச்சத்தைச் சாக்கடையில தள்ளாதீங்க."

அப்புறம் கம்பிவலை வைத்துக் கூண்டு கட்டினோம். தரையில் நெல் உமி. நாற்றம் வருவதே ஈரத்தால்தான். நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிட்டு, மீதியில் சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சேவலைச் சித்தி ஊருக்கு அனுப்பிவிட்டோம். முட்டையிட சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடைத்து வளர்க்கும்போது வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய் வந்தால் கூண்டே காலியாகிவிடும். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. இந்தத் தடுப்பூசி நம் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கொணவட்டத்திலிருந்து:
கோழிக்குக் கூண்டு போதும், மாட்டுக்கு என்ன செய்வது? எங்கள் தெருவில் பால் கறந்ததும் அவிழ்த்துவிடுவதுதான் வழக்கம். ராத்திரியில் அதுகள் பெங்களூர் ரோட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். பைக்கில் வருகிறவருக்கும் ஆபத்து, மாட்டுக்கும் ஆபத்து. எங்கள் பசுவையும் ஒருமுறை பிடித்துக்கொண்டு போனார்கள், அபராதம் கட்டித்தான் மீட்டோம். அதன்பிறகு அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மற்ற மாடுகளை விற்றுவிட்டார். ஒன்றை மட்டும் கட்டுத்தரையில் வைத்து, வைக்கோலும் தவிடும் விலைக்கு வாங்கிப் போடுகிறோம். பால் காசில் பாதி தீவனத்துக்கே போகிறது.

மாட்டை ரோட்டில் விடக்கூடாது என்பது சரிதான். ஆனால் மேய்ச்சல் நிலமெல்லாம் மனையாகிவிட்டதே. அபராதம் போடுகிறவர்கள் ஊருக்கு வெளியே பொதுக் கொட்டகைக்கு இடமும் ஒதுக்க வேண்டும். வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கப் போகிறோம், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து:
நான் வருகிறேன். எங்கள் தெருவிலும் மாடு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.