ஃபிரிட்ஜில் வைத்த தக்காளிக்கு வாசனை எங்கே போகிறது?

கொழிஞ்சாம்பாறை மருமகள்:
வேலந்தாவளம் சந்தையில் நாட்டுத் தக்காளி விலை இறங்கியதும் வீட்டுக்காரர் பை பிதுங்க வாங்கி வந்துவிடுகிறார். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருந்த பழத்தில் ரசம் வைத்தால் புளிப்பு மட்டும் நிற்கிறது, மணம் இல்லை. வெளியே வைத்தால் காம்புப் பக்கம் கறுத்து நீர் விடுகிறது. தக்காளியைக் குளிரில் வைப்பதே பாவம் என்கிறார் மாமியார். அதில் உண்மை உண்டா, இல்லை என்னைச் சொல்வதற்கு ஒரு சாக்கா?

மண்டிக் கணக்கு:
உங்கள் மாமியார் பக்கம் முக்கால் நியாயம் இருக்கிறது, அம்மணி. தக்காளி 12, 13 டிகிரிக்குக் கீழே தாங்காது. ஃபிரிட்ஜுக்குள் இருப்பதோ 4, 5 டிகிரி. அங்கே புளிப்பும் இனிப்பும் பெரிதாகக் குறையாது. மணத்தைப் பழம் உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வேலைதான் நின்றுபோகிறது. 2016இல் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 5 டிகிரியில் 7 நாள் வைத்துப் பார்த்தார்கள். மணத்துக்கான மரபணுக்கள் அடங்கிப்போயின; வெளியே எடுத்து வைத்த பிறகும் மணம் பழையபடி திரும்பவில்லை. ஓரிரு நாள் குளிரில் இருந்ததற்கு அவ்வளவு சேதமில்லை.

ஆகவே வந்ததும் பையைக் கொட்டிப் பிரியுங்கள். செங்காயை ஒருபோதும் குளிரில் வைக்காதீர்கள். நன்றாகக் கனிந்து, மறுநாள் தாங்காது என்று தோன்றுவதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஒரு பழத்தைத் திருப்பிப் பாருங்கள். தோல் வழவழவென்று மூடியிருக்கும், காம்பு பிடுங்கிய இடத்தில் மட்டும் சொரசொரப்பாக ஒரு வடு. உள்ளே இருக்கும் ஈரம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது, பூஞ்சணம் நுழைவதும் அதே வழிதான். வடு கீழே இருக்கும்படி முறத்தில் காகிதம் விரித்து ஒரே அடுக்காக வையுங்கள். கழுவி வைக்க வேண்டாம். காம்போடு வந்த பழத்தைத் தனியே வையுங்கள். காய்ந்த காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தினால் நாட்டுத் தக்காளியின் தோலுக்கு அதுவே போதும்.

நம் பக்கம் இன்னொன்று. தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் அடிக்கும் வறண்ட காற்றில் பழம் சுருங்கும், மேலே துணி போடுங்கள். ஆடியில் ஈரக்காற்று, துணியை எடுத்துவிடுங்கள். கெட்டித் தோல் ஹைப்ரிட் என்றால் இத்தனை பாடும் வேண்டாம். இழப்பதற்கு அதனிடம் வாசனையே கிடையாது.

குடியாத்தம் வாசகர்:
ஐயா, எங்கள் ஊருக்குப் பலமநேர் பக்கத்துத் தக்காளி வருகிறது. சித்திரையில் செங்காய் வாங்கி வைத்தால் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடுகிறது. வெயிலில் வைத்துப் பார்த்தும் பயனில்லை.

மண்டிக் கணக்கு:
வெயில்தான் அதைக் கெடுக்கிறது. 30 டிகிரிக்கு மேல் போனால் லைகோபீன் என்ற சிவப்பு நிறமி சரியாக உருவாவதில்லை, மஞ்சள் நிறமி மட்டும் சேரும். பழுப்பதற்கு மிதமான சூடு போதும், வெயில் வேண்டாம். வீட்டில் எங்கே தரை குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே முறத்தை வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:
எங்கள் வீட்டில் குளிர்ச்சியான மூலை என்றால் நேந்திரன் குலை தொங்கும் இடம்தான். அதன் கீழே வைக்கலாமா?

மண்டிக் கணக்கு:
குலை பழுக்கத் தொடங்கியிருந்தால் எத்திலீன் என்ற பழுக்கவைக்கும் வாயுவை விடும், செங்காயெல்லாம் சேர்ந்தாற்போல் பழுத்துவிடும். அவசரமாக வேண்டியதை மட்டும் கீழே வையுங்கள். மிச்சம் அடுத்த அறையில் இருக்கட்டும், கதவைச் சாத்திவிடுங்கள்.