புதுப்பிப்பு: இட்லிப்பூச் செடியின் மஞ்சள் இலைகள்

இரண்டு மாதம் முன்பு, மதில் ஓரத்து இட்லிப்பூச் செடி மஞ்சளடிக்கிறது, எப்சம் உப்பு (மெக்னீசியம் சத்து தரும் உப்பு) போட்டும் பலனில்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். இப்போது விஷயம் பிடிபட்டுவிட்டது.

உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள்: "மஞ்சளானது கொழுந்தா, முதிர்ந்த இலையா?" போய்ப் பார்த்தால் கொழுந்துதான், நரம்பு மட்டும் பச்சை. மெக்னீசியம் குறைந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். ஆக, இது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பே இல்லை என்றில்லை. மதில் பூசியபோது விழுந்த சிமெண்டும், நான் ஊற்றும் போர்த் தண்ணீரும் மண்ணைக் காரமாக்கிவிட்டன. அந்த மண்ணிலிருந்து வேரால் இரும்பை எடுக்க முடியவில்லை.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்புச்சத்து தரும் ஃபெரஸ் சல்பேட் உப்பு), ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை, மாலை வேளையில் இலையில் தெளித்தேன். மூன்று தடவை. (தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, எங்கள் வீட்டு மொசைக்கே சாட்சி.) அப்புறம் சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மக்கிய தொழுவுரம் கலந்தேன்.

புதுத் துளிர் பச்சையாக வருகிறது. ஏற்கெனவே வெளுத்த இலைகள் முழுதாகத் தேறவில்லை. இனி மழைநீர் பிடித்து ஊற்றப் போகிறேன். போர்த் தண்ணீரே தொடர்ந்தால் மறுபடியும் இதே கதைதான்.