முற்பிறவி, ஓவியம், கொலை: இந்தக் கதை எங்கே சறுக்குகிறது?

மைக்கூடு:
முற்பிறவிக் காதலும் கொலையும் கலந்த நாவலின் எலும்புக்கூடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய ஓவியம் ஒன்றைச் சீர்செய்ய வருகிறாள் நாயகி. படத்தில் இருப்பது அவளுடைய முகம். படத்தைத் தேடி வருகிறவனை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது. பாதிக் கதையில் ஒரு பிணம். வேகமாகப் படித்தால் ஓடிவிடும். ஆனால் ஓவியம் தெரிந்தவரும் முற்பிறவி ஆய்வுகளைப் படித்தவரும் ஏதோ ஓர் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அது எந்த இடம், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று எழுதுங்கள். "நம்பும்படி இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள்.

கித்தான்:
எக்ஸ்ரே காட்சியில்தான் மூடத் தோன்றும். மேல் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கும் முகம் திரையில் முழு வண்ணத்தில், கண்ணிமையோடு எழுந்து வருகிறது. எக்ஸ்ரே தருவது சாம்பல் நிறப் படம். எல்லா அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சட்டத்தின் கட்டைகளும் ஆணித் தலைகளும் சேர்ந்தே தெரியும். ஈய வெள்ளை, பாதரசச் சிவப்பு போன்ற கனமான நிறமிகள் கதிரைத் தடுத்து வெளிறித் தெரியும். கரியும் மண் நிறங்களும் அநேகமாகக் காணாமலே போய்விடும். கேன்வாஸின் அடிப்பூச்சே ஈய வெள்ளையாக இருந்தால் படம் முழுக்கப் பனிமூட்டம்தான்.

அகச்சிவப்புப் படம் வேறு. அதில் கரிக்கோடு தெரியும், அதுவும் அடிப்பூச்சு வெளுப்பாக இருந்தால். சிவப்புச் சுண்ணத்தில் போட்ட கோடு தெரியாது. இரும்பு மையில் (இரும்பு உப்பு சேர்த்த பழைய காலத்து எழுது மை) எழுதியது மங்கி மறையும். இதை வைத்தே ஒரு திருப்பம் பண்ணலாம்: ஓவியன் காதலியின் பெயரை இரும்பு மையில் எழுதியிருக்கிறான், அகச்சிவப்பில் ஒன்றுமில்லை, "பெயரே கிடையாது" என்று அறிக்கை போகிறது.

வண்ணம் கட்டாயம் வேண்டுமென்றால் தனிமங்களை வரைபடமாக்கும் ஸ்கேன் இருக்கிறது. வான்கோவின் புல்வெளி ஓவியம் ஒன்றுக்கு அடியில் ஒரு பெண்ணின் தலை இருப்பதை 2008-இல் இப்படித்தான் துலக்கினார்கள். பாதரசம் எங்கே, ஆன்டிமனி எங்கே என்று பார்த்து உதட்டின் சிவப்பையும் தோலின் நிறத்தையும் ஊகித்தார்கள். சதுரமாக ஒரு சாண் அளவுக்கு ஸ்கேன் செய்யவே ஏறத்தாழ இரண்டு நாள் ஆயிற்று. ஒரே இரவில் அருங்காட்சியகத்துக்குள் புகுந்து முடித்துவிட்டு ஓடுகிற வேலை அல்ல.

இன்னொன்று, கத்தியால் மேல் வண்ணத்தைச் சுரண்டி அடியிலிருக்கும் முகத்தை வெளிக்கொணரும் காட்சி. மேலடுக்கு பிற்காலத்தில் வேறொருவர் பூசியதாக இருந்து, இடையில் பழைய வார்னிஷும் இருந்தால்தான் அந்தப் பேச்சையே எடுப்பார்கள். அப்போதும் விரற்கடை அளவு சோதனைச் சாளரம், பஞ்சுக் குச்சி, கரைப்பான் என்று மாதக்கணக்கில் இழுக்கும். சுரண்டினால் முதலில் போவது அந்த முகம்தான்.

நிறக்குடுவை:
கித்தான் கருவிகளைச் சொல்லிவிட்டார். எனக்கு நிறமிகளின் பிறந்த தேதி. முற்பிறவிக் கதைக்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது. ஏனோ யாரும் தொடுவதில்லை.

பிரஷ்ய நீலம் 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் வந்தது. கோபால்ட் நீலம் 1802. செயற்கை அல்ட்ராமரீன் 1820-களின் கடைசி. டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போருக்குப் பிறகே சந்தையில் பரவியது. 1914-இல் ஜெர்மன் ஓவியர் காம்பென்டாங்க் வரைந்ததாக விற்கப்பட்ட ஓவியத்தில் இந்த டைட்டானியம் இருந்ததால்தான் பெல்ட்ராக்கி என்ற போலி ஓவியர் மாட்டி, 2011-இல் ஆறாண்டு தண்டனை பெற்றார். ஆக, "1690-இல் நான் பிரஷ்ய நீலம் அரைத்தேன்" என்று நாயகி சொன்னால் அந்த நினைவை யாரோ ஊட்டியிருக்கிறார்கள். வாசகருக்கு முன்னால் காவல் அதிகாரிக்கு அது தெரிந்துவிட்டால் கதை அங்கேயே சூடுபிடிக்கும்.

இதற்கு நேர் எதிரான நிறம் ஒன்று உண்டு: ஈய-வெள்ளீய மஞ்சள். ஈய ஆக்சைடும் வெள்ளீய ஆக்சைடும், ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று, 650 முதல் 800 டிகிரி வரை சூடாக்கினால் எலுமிச்சை மஞ்சள் தூள் கிடைக்கும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த பால்காரி ஓவியத்தில் அவள் மேலாடையில் இருப்பது இதுதான். 1750 வாக்கில் புழக்கத்திலிருந்து போனது. அப்புறம் இப்படி ஒரு நிறமி இருந்தது என்பதே மறந்துபோயிற்று. பழைய ஏடுகளில் அதற்கிருந்த பெயர்களை வேறு மஞ்சள்களின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். 1941-இல்தான் ஜெர்மனியில் ஆய்வகத்தில் மீண்டும் அடையாளம் கண்டார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். உங்கள் கதை 1930-களில் நடக்கிறது. நாயகி தூக்கத்தில் "வெள்ளீயம் குறைந்துவிட்டது, மஞ்சள் தேறாது" என்று முனகுகிறாள். அன்றைக்கு ஓவியம் தெரிந்தவர்களுக்கே அப்படி ஒரு மஞ்சள் இருந்தது தெரியாது. கேட்டுக்கொண்டிருப்பவனுக்கும் ஒன்றும் விளங்காது. அத்தியாயங்கள் கழித்து 1941 வரும்போது அவனுக்கு உறைக்கும். அதே முனகலை 1990-க்குக் கொண்டுவந்தால் ஆச்சரியம் செத்துவிடும். அவள் எங்கேயாவது படித்திருக்கலாம். ஆண்டைத் தேர்ந்தெடுத்த பிறகு கதையைத் தேர்ந்தெடுங்கள்.

மைக்கூடு:
அந்த முனகலை யாராவது திருடுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன். முற்பிறவி 1650-இல், நாயகியின் கதை 1935-இல் என்று வைத்தால் இடையில் 285 ஆண்டு. அவ்வளவு நாள் அந்த உயிர் எங்கே இருந்தது?

அறிதுயில்:
சரியான கேள்வி, நாவல்கள் தாண்டிக் குதித்துவிடுகிற கேள்வியும்கூட. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனும் அவருக்குப் பின் வந்தவர்களும் முற்பிறவி நினைவிருப்பதாகச் சொன்ன 2,500-க்கு மேற்பட்ட குழந்தைகளின் கூற்றுகளைத் திரட்டினார்கள். மறுபிறவியை நம்புங்கள், நம்பாமல் போங்கள். அந்தக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற வடிவம் ஒன்று இருக்கிறது. குழந்தை இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பேசத் தொடங்கும். ஐந்திலிருந்து எட்டுக்குள் மறந்துவிடும். சாவுக்கும் அடுத்த பிறப்புக்கும் நடுவே பாதிக்கு மேற்பட்ட கோப்புகளில் ஒன்றரை ஆண்டுகூட இருக்காது. சொல்லப்படும் பழைய சாவு பெரும்பாலும் இயற்கைச் சாவு அல்ல. பல கோப்புகளில் அந்தச் சாவுக்குப் பொருந்தும் பயங்கள் வரும்: மூழ்கியவனுக்குத் தண்ணீர், கத்தியால் இறந்தவனுக்குக் கத்தி.

ஆகவே 28 வயதில் திடீரென்று நினைவு வருவது எழுத்தாளர் எடுத்துக்கொள்ளும் சலுகை. எடுத்துக்கொள்ளலாம், விலை கொடுக்க வேண்டும். மூன்று வயதில் அவள் ஏதோ சொன்னாள், அம்மா அதைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்தாள் என்று ஒரு வரி போதும். 285 ஆண்டு இடைவெளிக்கு இரண்டு வழி. நடுவே நாலைந்து பிறவிகளை வைத்து அவற்றில் ஒன்றைச் சத்தமில்லாமல் கொலைகாரனுக்குத் தொடர்புபடுத்துங்கள். இல்லையென்றால் இடைவெளியைப் பற்றி ஒரு பாத்திரத்தையே சந்தேகப்பட வையுங்கள். வாயே திறக்காமல் விடுவதுதான் தப்பு.

ஹிப்னாடிசத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஸ்டீவன்சனே அந்த வழியில் வரும் நினைவுகளைப் பெரிதாக மதிக்கவில்லை. 1950-களில் அமெரிக்காவில் ஹிப்னாடிசத்தின்போது ஒரு பெண் தன்னைப் 19-ஆம் நூற்றாண்டு ஐரிஷ்காரி பிரைடி மர்ஃபி என்று பேசினார். பத்திரிகைக்காரர்கள் தோண்டியபோது, அவர் சிறுமியாக இருந்த காலத்தில் வீட்டுக்கு எதிரே ஓர் ஐரிஷ் பெண்மணி வசித்தது தெரியவந்தது. கேட்டதை மறந்துவிட்டு, அதையே சொந்த நினைவென்று நம்புவது. பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இருக்காது. திரில்லருக்கு இதைவிட வசதியான ஆள் யார்?

கேள்வி கேட்பவன் "அங்கே சிவப்புக் கதவு தெரிகிறதா?" என்றால் கதவு முளைத்துவிடும். "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்க வேண்டும். சொன்னதைச் சரிபார்ப்பதற்கு முன்பே எழுதி, தேதியிட்டு, உறையில் போட்டு மூடி, விஷயம் தெரியாத மூன்றாவது ஆளிடம் கொடுக்க வேண்டும். உறையின் தேதியும் ஓவியம் கண்டெடுக்கப்பட்ட தேதியும் முரண்படும் இடத்தில் வில்லன் சிக்குவான்.

பாதி வாசகன்:
இவ்வளவு பேரும் காதலை மறந்துவிட்டீர்கள். "போன பிறவியில் நீ என் மனைவி" என்று ஒருவன் வந்து நின்றால் அது காதலா, மிரட்டலா? பெரும்பாலான நாவல்களில் நாயகி உடனே உருகிவிடுகிறாள். நம்மிடமே பழைய பாடம் இருக்கிறது. மணிமேகலை மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பை அறிகிறாள். துரத்தி வரும் உதயகுமாரன்தான் போன பிறவியில் கணவன் இராகுலன். தெரிந்தும் அவனிடம் போகவில்லை. அவனிடமிருந்து தப்பக் காயசண்டிகை உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவி வேறொருவனோடு பேசுகிறாள் என்று நினைத்து உதயகுமாரனை வெட்டுகிறான். நினைவு, மாறுவேடம், ஆள்மாறாட்டம், கொலை. நான்கும் ஒரே முடிச்சில்! அவள் ஒதுங்கியதே அவன் சாவுக்கு வழியாயிற்று. காதலும் துப்பும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடும் கதைகளை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் வெட்கமாக இருக்கும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 80,000 சொல் நாவலில் பழைய காலத்துக்கு 20,000 போதும். ஒவ்வொரு பழைய அத்தியாயமும் நிகழ்கால ஆள் ஒருவருக்குத் தேவைப்படும் ஒரு தகவலோடு முடியட்டும். சூழலை வர்ணிக்க மட்டும் பின்னால் போனால் வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார்.

கித்தான்:
நிறக்குடுவை சொன்னதில் ஒரு திருத்தம். பழைய ஓவியத்தில் டைட்டானியம் கிடைத்தாலே போலி என்று ஆகிவிடாது. பின்னால் வந்த பழுதுபார்ப்பில் பூசியிருக்கலாம். முதலில் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். பழைய வார்னிஷ் பச்சையாய் ஒளிரும். அதற்கு மேல் பூசிய ஒட்டு கறுத்துத் தெரியும். அப்புறம் குண்டூசித் தலையைவிடச் சிறிய துணுக்கு எடுத்து, பிசினில் பதித்து, மெருகேற்றி, குறுக்குவெட்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். டைட்டானியம் அடி அடுக்கிலேயே இருந்தால்தான் கதை முடிந்தது.

அந்தக் குறுக்குவெட்டில் இரண்டு வண்ண அடுக்குக்கு நடுவே மெல்லிய அழுக்குக் கோடு தெரிந்தால், மேலடுக்கு பல காலம் கழித்துப் பூசப்பட்டது. மேல் வண்ணம் கீழடுக்கின் வெடிப்புக்குள் வழிந்திருந்தாலும் அப்படியே. மைக்கூடு, உங்கள் ஓவியத்தில் அந்தக் கோட்டை வையுங்கள். கோட்டுக்குக் கீழே ஒரு கை, மேலே நூறு ஆண்டு கழித்து இன்னொரு கை. தூரிகை இழுப்பு இரண்டிலும் ஒன்றே.