உதவி: லண்டனில் புது வீட்டுக்கு வந்ததும் பழைய கம்பெனியின் கரண்ட் பில், யார் கட்டுவது?

கோவை_கார்த்தி
வணக்கம். ஜூன் 14 அன்று ஈஸ்ட் ஹாமில் ஒரு ஃபிளாட்டுக்கு வாடகைக்கு வந்தோம். பழைய பெரிய வீட்டை நாலாகப் பிரித்து விட்டிருக்கிறார்கள். கரண்ட் எந்தக் கம்பெனி என்று ஏஜென்ட் சொல்லவே இல்லை. இப்போது 'தி ஆக்குபையர்' (வீட்டில் குடியிருப்பவர்) என்று மட்டும் போட்டு ஒரு பில் வந்திருக்கிறது. ஏப்ரல் 3 முதல் ஜூன் 30 வரை, 412 பவுண்டு. இந்தக் கம்பெனியோடு நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. முன்பு இருந்தவர் பெயருக்கு வசூல் ஏஜென்சியிலிருந்தும் கடிதம் வருகிறது. என் கிரெடிட் ஸ்கோர் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மாலதி_லண்டன்
தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். கையெழுத்துப் போடாவிட்டாலும், குடிவந்த வீட்டுக்கு ஏற்கெனவே கரண்ட் கொடுக்கும் கம்பெனியோடு உங்களுக்குத் தானாகவே ஒப்பந்தம் உண்டாகிவிடும். 'டீம்டு கான்ட்ராக்ட்' என்பார்கள். ஆனால் அது உங்கள் வாடகை தொடங்கிய நாளிலிருந்துதான். அதற்கு முந்தையது பழையவருடையது. வீடு காலியாகக் கிடந்த நாட்களுக்கு வீட்டுக்காரர் பொறுப்பு.

கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: உங்கள் பெயர், குடிவந்த தேதி, அன்றைய மீட்டர் ரீடிங், வாடகை ஒப்பந்தத்தின் நகல். குடிவரும்போது வீட்டின் நிலையைக் குறித்து ஏஜென்ட் கொடுத்த இன்வென்டரி அறிக்கையில் மீட்டர் படம் இருக்கும், தேடிப் பாருங்கள். புது பில் உங்கள் பெயரில் வரும்வரை டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு) போடாதீர்கள். வசூல் கடிதங்களில் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுங்கள். கடன் ஆளோடு போகும், வீட்டோடு வராது.

சிவா_வயரிங்
பிரித்த வீடு என்பதால் ஒன்று சொல்கிறேன். பில்லில் உள்ள மீட்டர் சீரியல் நம்பரும் உங்கள் மீட்டரில் அச்சடித்திருப்பதும் ஒன்றுதானா? இந்த மாதிரி வீடுகளில் வாசல் பக்க அலமாரியில் நாலு மீட்டரும் வரிசையாக இருக்கும். மேலே பேனாவால் எழுதிய ஃபிளாட் நம்பரை நம்பாதீர்கள். உங்கள் ஃபியூஸ் பாக்ஸில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எந்த மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்குவதை நிறுத்துகிறது என்று யாரையாவது கீழே நின்று பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் சீல் வைத்த எதையும் தொடக்கூடாது.

நிலா_க்ராய்டன்
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுக்குப் பழைய ஆள் விட்டுப்போன ப்ரீபேமென்ட் சாவி (முன்கூட்டியே பணம் ஏற்றி மீட்டரில் போடுவது) இருக்கிறது. அதிலேயே டாப்-அப் செய்யலாமா?

மாலதி_லண்டன்
வேண்டாம் நிலா. அவர் பாக்கி வைத்திருந்தால் நீங்கள் போடும் பணத்திலிருந்து அதையும் பிடித்துக்கொள்ளும். கம்பெனியைக் கூப்பிட்டு உங்கள் பெயரில் புது சாவி கேளுங்கள்.

கோவை_கார்த்தி
சிவா அண்ணா, நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது! மனைவி மேலே அணைக்க, நான் கீழே நின்று பார்த்தேன். எங்கள் ஃபிளாட் நம்பர் எழுதியிருந்த மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, பக்கத்து மீட்டர்தான் நின்றது. பில்லில் இருப்பது ஓடிக்கொண்டிருந்த மீட்டரின் நம்பர். அப்படியென்றால் எங்களுக்குக் கரண்ட் கொடுப்பது யார்?

சிவா_வயரிங்
லண்டனில் கம்பிகளைப் பராமரிப்பது யூகே பவர் நெட்வொர்க்ஸ். உங்கள் முகவரியையும் நின்றுபோன மீட்டரின் சீரியல் நம்பரையும் சொல்லிக் கேளுங்கள். அந்த இணைப்புக்கே உரிய அடையாள எண்ணான எம்பான் எண்ணும் எந்தக் கம்பெனி என்பதும் தெரியவரும். இரண்டு மீட்டரையும் நம்பர் தெரியப் படம் எடுத்து, பில் அனுப்பிய கம்பெனிக்கும் ஏஜென்ட்டுக்கும் அனுப்புங்கள். யார் வீட்டுக்கோ ஓடும் மீட்டருக்கு நீங்கள் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டாம்.

மாலதி_லண்டன்
மின்னஞ்சலில் 'இது புகார்' என்று தெளிவாக எழுதுங்கள் தம்பி. எட்டு வாரத்தில் தீராவிட்டால் கரண்ட், கேஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், செலவு கிடையாது. உங்கள் சரியான கம்பெனி தெரிந்ததும் ஜூன் 14 ரீடிங்கை அங்கேயும் கொடுத்துவிடுங்கள். அந்த மீட்டருக்கு உரிய பில் உங்கள் பங்குதான், அதைக் கட்டியாக வேண்டும். விலை பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறலாம், டீம்டு கான்ட்ராக்டில் வெளியேறும் கட்டணம் கிடையாது. பக்கத்து ஃபிளாட்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் கரண்டுக்கு அவர் இத்தனை நாளாகக் கட்டிக்கொண்டிருக்கக்கூடும்.