கைபேசிக்குள் ஒரு சிலந்தி: மிகை மெய்ம்மைப் பயிற்சி எடுத்தவர்கள் எழுதுங்கள்

நிலவறைக்காரி (பாசல், சுவிட்சர்லாந்து)

எங்கள் குடியிருப்பில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் நிலவறையில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் எங்கள் வீட்டுக்கு முறை வரும். தவறவிட்டால் அடுத்த முறை வரை அழுக்குக் கூடையோடு குடித்தனம். பதினொரு வருடங்களாக அந்தப் படியில் நான் தனியே இறங்கியதில்லை. காரணம் சிலந்தி. இலையுதிர் காலத்தில் ஆண் சிலந்திகள் துணை தேடிக் கிளம்பும். இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று விறுவிறுவென்று ஓடி வந்து நடுத் தரையில் அசையாமல் நிற்கும். ஓடுவதைவிட அந்த நிற்றல்தான் எனக்கு ஆகாது. பன்னிரண்டு வயது மகளை முன்னே அனுப்பிவிட்டு நாற்பத்து மூன்று வயதுத் தாய் பின்னே போவாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான் பார்க்கும் உளவியலாளர் ஒரு மிகை மெய்ம்மைச் (augmented reality) செயலியைப் பற்றிச் சொன்னார். கேமராவில் தெரியும் நம் வீட்டுக் காட்சிக்குள் இல்லாத சிலந்தியை இருப்பதுபோல் காட்டுவதுதான் மிகை மெய்ம்மை. ‘ஃபோபிஸ்’ என்று பெயர், எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தாரே செய்தது. 2021இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் சிலந்திப் பயம் உள்ள 66 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினர் வீட்டிலிருந்தே இரண்டு வாரத்தில் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். மற்றவர்களுக்குப் பயிற்சி இல்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் பெட்டிக்குள் இருக்கும் உயிருள்ள சிலந்தியை எவ்வளவு நெருங்க முடிகிறது என்று பார்த்தார்கள். பயிற்சி எடுத்தவர்கள் கூடுதலாக நெருங்கினார்களாம். பயம் கடுமையாக இருந்தால் நிபுணர் துணையோடுதான் செய்ய வேண்டும் என்றும் அவர் சொல்லிவைத்தார்.

முதல் நாள் சமையலறையில் உட்கார்ந்தேன். கைபேசியின் கேமரா வழியாகப் பார்த்தால் என் மேசை, என் மிளகாய்த்தூள் பேணி, அதற்குப் பக்கத்தில் ஒரு சிலந்தி. கைபேசியை விலக்கினால் பேணி மட்டும் இருக்கிறது. மறுபடி தூக்கினால் எட்டுக் காலும் திரும்பி வந்துவிடுகின்றன. மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டினால் வேறோர் உலகத்துக்குப் போய்விடுகிறோம். இது என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. அதனால்தான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

உளவியலாளர் ஒரு கொப்பி தந்து, பயத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி போடச் சொல்லியிருந்தார். எட்டத்தில் நின்று பார்த்ததற்கே 85 போட்டேன். அதையே திரும்பத் திரும்பச் செய்து, ஏழாவது தரத்தில் 40. அடுத்த வாரம் அவருடைய அறையில், சிலந்தி நிற்கும் இடத்துக்கருகே உண்மையான என் கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். என் முழங்கைக்குத் தெரியவில்லை, தானாகப் பின்னால் வந்துவிட்டது. மூன்று தரம் வந்தது. நான்காவது தரம் கை அங்கேயே இருந்தது, உள்ளங்கை மட்டும் வேர்த்தது.

இப்போது நிலவறைக்குத் தனியே போகிறேன். விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றுதான் போகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துடைப்பக்கட்டை (கோவை)

அக்கா, எனக்குக் கரப்பான். ஆண்பிள்ளை இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். இரவில் தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைக்குப் போக மாட்டேன், படுக்கைக்கு அருகே சொம்பு வைத்துக்கொள்வேன்.

இந்த மிகை மெய்ம்மை வைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதே கரப்பான்தான் என்று எங்கள் ஆலோசகர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஸ்பெயினில் காஸ்தெயோன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தீனா போத்தெய்யா என்ற உளவியலாளரின் குழு 2005லேயே கரப்பான் பயத்துக்கு இதைச் செய்து பார்த்திருக்கிறது. அப்போது கைபேசியில் இதெல்லாம் ஏது? தலையில் திரையும் கேமராவும் மாட்டிவிடுவார்களாம். கறுப்புக் கட்டம் அச்சடித்த காகிதத்தைக் கேமரா கண்டுகொண்டதும் அந்த இடத்தில் கரப்பான் தோன்றும். எத்தனை வேண்டும், எவ்வளவு பெரிது, நிற்க வேண்டுமா நகர வேண்டுமா என்பதெல்லாம் வைத்தியர் கையில்.

எங்கள் ஆலோசகரிடம் அந்தக் கருவி எதுவும் இல்லை. மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் உயிருள்ள ஒன்றைப் பிடித்து வந்து வைத்தார். நம் ஊரில் கரப்பானுக்கா பஞ்சம்! ஆனால் பாட்டில் கரப்பானுக்கு நம் அட்டவணை தெரியாது. “இன்று சும்மா இருக்கும், பார்த்துக்கொண்டிருங்கள்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அது மூடியை நோக்கிக் கிடுகிடுவென்று ஏறியது. நான் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினேன். அன்றைக்கு அந்த ஸ்பெயின்காரர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

ஆனாலும் குணமானது அந்த பாட்டிலால்தான். அதே குழு 63 பேரை வைத்து உயிருள்ள பூச்சியையும் கேமராப் பூச்சியையும் ஒப்பிட்டு 2016இல் எழுதியிருக்கிறது. இரண்டு வழியிலும் பயம் குறைந்தது. பயிற்சி முடிந்த கையோடு பார்த்தபோது உயிருள்ளதற்குச் சிறிது மேல்கை இருந்தது, சில மாதம் கழித்து அந்த வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. எனக்கு இரண்டில் எதுவானாலும் சரி, தலையில் மாட்டும் கருவிக்குக் காசு கேட்காதவரை.

பாதிவழி

நான் கெட்ட அனுபவத்தை எழுதுகிறேன். யாரிடமும் கேட்காமல் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு செயலியை இறக்கி, எடுத்த எடுப்பிலேயே பெரிய சிலந்தியை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். இதயம் அடித்துக்கொண்டது, கைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடினேன். பிறகு அந்தச் செயலியின் படத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைந்தது. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும் என்று பின்னால் ஒரு மருத்துவர் விளக்கினார். மூன்று மாதம் போயிற்று. அக்கா, ஒன்று கேட்கிறேன். பயம் போனது சரி, அருவருப்பும் போனதா?

நிலவறைக்காரி (பாசல்)

தம்பி, நல்ல கேள்வி. ஃபோபிஸ் செயலியும் பயத்தையும் அருவருப்பையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. பயம் சீக்கிரம் இறங்கியது. அருவருப்பு மெதுவாகத்தான் இறங்குகிறது, முழுதாகப் போகவில்லை. நீங்கள் தொடங்கியது கடைசிப் படியில். வாசலுக்கு அப்பால் ஒன்று நிற்பதிலிருந்து தொடங்குங்கள், பக்கத்தில் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைத் தம்பி சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். திரைச் சிலந்தி என்னைப் பார்த்து ஓடாது. போன சனிக்கிழமை குளியல் தொட்டியில் உயிருள்ள ஒன்று வழுக்கி வழுக்கி ஏறப் பார்த்தது. தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்து, அடியில் தபால் அட்டையைச் செருகினேன். அது கண்ணாடியின் உட்பக்கம் ஏறியபோது 70 இருக்கும். மகள் சன்னலைத் திறந்து பிடித்துக்கொண்டு, “அம்மா, கொப்பியை எடுத்து வரட்டுமா?” என்று கேட்டாள். குவளையை வெளியே கவிழ்த்தபின் எழுதலாம் என்றேன்.